24 அடிப் பாதை: எல் அலமைன் போரும் தமிழ்ச் சிப்பாய்களும்

கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் தெரு முழுக்க நீளும் பெரிய வீடுகளின் தூண்கள் பர்மாத் தேக்கு என்பது ஊரறிந்த சேதி. அந்தத் தேக்கை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரங்கூன், மௌல்மீன் என்று பெயர்கள் வரும். அதற்கும் ஒரு படி முன்னால் போனால் எகிப்தின் மணலில் வெட்டப்பட்ட ஒரு கால்வாயில்தான் போய் நிற்க வேண்டும்.

1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன கப்பல்களுக்குப் பல ஆயிரம் மைல் மிச்சமாயிற்று. கீழ்ப் பர்மாவின் அரிசிக்கு ஐரோப்பாவில் பெரிய சந்தை அமைந்தது. ஐராவதி ஆற்றுப் படுகையின் காட்டைத் திருத்தி வயலாக்கப் பர்மிய விவசாயிக்குக் கையில் பணம் வேண்டியிருந்தது. வெள்ளைக்கார வங்கிகள் அவனுக்குக் கடன் தரவில்லை. தந்தவர்கள் செட்டிநாட்டின் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள். கீழ்ப் பர்மாவில் நெல் விளைந்த பரப்பு 80 ஆண்டுகளில் ஏறக்குறைய பத்து மடங்கு பெருகியது. 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை சரிய, கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறின. 1938-ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது.

1942-ல் அந்தக் கப்பல் வழியின் இரு முனைகளுக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து வந்தது. கிழக்கு முனையில் மார்ச் 8 அன்று இரங்கூன் ஜப்பானியர் வசமானது. மேற்கு முனையில் ஜூலை முதல் நாள் ஜெர்மானியத் தளபதி எர்வின் ரோமலின் டாங்கிகள் அலெக்சாண்டிரியாவுக்கு சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்தில் நின்றன. கிழக்கு முனை போயிற்று. மேற்கு முனை தப்பியது. அதைத் தப்பவைத்த போர்தான் எல் அலமைன்.

அந்தப் போரைப் பற்றி உலகில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் உண்டு. பெரும்பாலானவை ரோமல், மாண்ட்கோமரி என்ற இரண்டு தளபதிகளின் மல்யுத்தமாகவே அதைச் சொல்கின்றன. தமிழில் சொன்னவர்கள் மிகக் குறைவு. இரண்டிலும் விடுபட்டுப் போகிறவர்கள் ஒரே ஆட்கள்தான்: கண்ணிவெடிகளுக்கு நடுவே தவழ்ந்து வழி திறந்த சாப்பர்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

இடத்தின் அமைப்பை முதலில் பார்த்துவிட வேண்டும். எல் அலமைன் என்பது மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு சிறிய ரயில் நிறுத்தம். அதற்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் கத்தாரா பள்ளம் தொடங்குகிறது. கடல் மட்டத்துக்கு 130 மீட்டருக்கும் கீழே இறங்கும் உப்புச் சேறும் நொறுங்கும் மணலுமான பள்ளம் அது. கனரக வண்டிகள் அதில் இறங்க முடியாது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மற்ற எல்லா இடத்திலும் எதிரியைத் தெற்கே சுற்றி வளைத்துப் பின்னால் போய்விடலாம். இரண்டு ஆண்டுகளாக இரு தரப்பும் அப்படித்தான் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. அலமைனில் மட்டும் வடக்கே கடல், தெற்கே பள்ளம். சுற்றிப் போக வழியில்லை. உடைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

1942 ஜூன் 21 அன்று லிபியாவின் துறைமுகக் கோட்டை தோப்ருக் ரோமல் வசம் விழுந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் சிறைபட்டனர்; 11-வது இந்திய பிரிகேடும் அதில் அடங்கும். சிதறிப் பின்வாங்கிய பிரிட்டிஷ் எட்டாம் ராணுவத்தைக் கூட்டி நிறுத்த அதன் தளபதி ஆக்கின்லெக்குக்கு நாள்கள் தேவைப்பட்டன. ரோமலோ அவகாசமே தராமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

அந்த இடைவெளியில் கொண்டுவந்து வைக்கப்பட்டது 18-வது இந்திய பிரிகேட். ஈராக்கிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்டது. தேர் எல் ஷெய்ன் என்ற பாறைத் தாழ்வில் அதை நிறுத்தினார்கள். சீக்கியர் பட்டாலியன் ஒன்று, கூர்க்கா பட்டாலியன் ஒன்று, எசெக்ஸ் பட்டாலியன் ஒன்று. பீரங்கிகள் 23, டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் 16, மட்டில்டா டாங்கிகள் 9. பாறையில் குழி தோண்டவும் நேரம் போதவில்லை.

ஜூலை 1 அன்று ஜெர்மானிய ஆப்பிரிக்கப் படை அவர்கள் மீது மோதியது. பகல் முழுதும் அந்த பிரிகேட் தாங்கியது. பொழுது சாய்ந்தபோது அது இல்லாமல் போயிற்று. மிஞ்சியவர்களில் பெரும்பாலானோர் கைதாயினர். ஆனால் ரோமலிடம் அன்று ஓடும் நிலையில் இருந்த 55 டாங்கிகளில் 18 அழிந்திருந்தன. அதைவிட முக்கியம், ஒரு முழு நாள் அவருக்குக் கைநழுவியது. அந்த ஒரு நாளில் ஆக்கின்லெக், கடலுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருந்த ருவைசாத் மேட்டை அரணாக்கிக்கொண்டார். மறுநாளும் அதற்கு மறுநாளும் ரோமல் முட்டிப் பார்த்தார், வழி கிடைக்கவில்லை. ஜூலை முழுக்க அந்த மேட்டைச் சுற்றி நடந்த சண்டைகளில் 5-வது இந்திய பிரிகேடும் 161-வது இந்திய பிரிகேடும் ரத்தம் சிந்தின.

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் கோரெல்லி பார்னெட் 1960-ல் எழுதிய பாலைவனத் தளபதிகள் பற்றிய நூலில், உண்மையான திருப்பம் அக்டோபரில் அல்ல, ஜூலையில்தான் நடந்தது என்று வாதிட்டார். மாண்ட்கோமரியின் புகழுக்கு எதிராக வைத்த வாதம் என்பதால் பெரிய சர்ச்சை எழுந்தது. இன்று திரும்பிப் பார்க்கையில் பார்னெட் பக்கமே நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. ரோமல் கெய்ரோவுக்குள் நுழைய இருந்த ஒரே உண்மையான வாய்ப்பு ஜூலை முதல் வாரம். அதைத் தடுத்ததில், ஒரே நாளில் அழிந்துபோன ஒரு இந்திய பிரிகேடுக்குப் பெரும் பங்கு உண்டு. அலமைன் என்றதும் அக்டோபர் மாதத்துப் பீரங்கி முழக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தால் அந்த பிரிகேடின் பெயர் வெளியே வரவே வராது.

இதே மாதங்களில் ஊரில் என்ன நடந்தது?

1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியர் ஒருவரையும் கேட்காமல் இந்தியா போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ஒரு இந்திய பிரிகேட் எகிப்துக்குக் கப்பலேற்றப்பட்டிருந்தது. அந்த அறிவிப்பை எதிர்த்து ராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவை விலகியது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா மீது குண்டு போட்டன. சென்னையிலிருந்து அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. பர்மாவிலிருந்து சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் தப்பி வந்துகொண்டிருந்தார்கள். அரக்கான் மலைப் பாதையிலும் அசாம் காடுகளிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன மேலாட்களும் (கடைப் பொறுப்பாளர்கள்) அடுத்தாட்களும் (அவர்களின் உதவியாளர்கள்) கிட்டங்கிகளை (தொழிலகங்களை) பூட்டிவிட்டு, எடுக்க முடிந்த கணக்கேடுகளோடு செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னால் வர முடியாமல் நின்றுவிட்டவர்களைப் பற்றிக் கடிதம்கூட வராத வீடுகள் எத்தனையோ.

ஆகஸ்ட் 8 அன்று காங்கிரஸ் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் போட்டது. மறுநாள் காந்தி கைதானார். அந்த நெருப்பு தமிழ்நாட்டில் மிக உக்கிரமாகப் பற்றிய இடங்களில் ஒன்று, அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவின் செட்டிநாட்டுப் பகுதி. தேவகோட்டையில் நீதிமன்றக் கட்டடம் எரிந்தது, போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. திருவாடானையில் மக்கள் திரண்டு சிறையை உடைத்து, உள்ளே இருந்த சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்கள். பின்னாளில் தமிழ்ப் பண்ணை பதிப்பகத்தை நடத்தியவர் அவர். காரைக்குடியில் கம்பன் கழகத்தை நிறுவிய சா. கணேசனும் அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்.

எகிப்தில் மாண்ட்கோமரி எட்டாம் ராணுவத்தின் பொறுப்பை ஏற்றது அதே ஆகஸ்ட் 13-ல். தேவகோட்டையில் துப்பாக்கி பேசிய அதே நாட்களில், அதே அரசின் சீருடையில் தமிழ் இளைஞர்கள் எகிப்தின் மணலில் இருந்தார்கள். அலமைன் நம் நினைவில் தங்காமல் போனதற்கு முதல் காரணம் இதுதான். 1942 என்றால் தமிழ்நாட்டுக்கு ஆகஸ்ட். செட்டிநாட்டுக்கு அதோடு பர்மாவும். எகிப்தின் வெற்றி ஆள்பவனின் வெற்றி. அதைக் கொண்டாட யாருக்கும் மனம் வரவில்லை, வந்திருக்கவும் வேண்டாம். ஆனால் அந்த மணலில் கிடந்தவர்கள் நம் பிள்ளைகள் என்பதை அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியாது.

யார் அவர்கள்?

மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்ற பொறியியல் படையின் வரலாறு 1780 செப்டம்பரில் தொடங்குகிறது. தலைமையகம் பெங்களூரு. வடக்கத்தியர்தான் சண்டைக்கு ஏற்ற இனம் என்று பிரிட்டிஷார் ஒரு கொள்கை வகுத்துக்கொண்டு மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். 1928-க்குள் அவை இல்லாமல் போயின. 1933-ல் மதராஸ் பயோனியர்ஸும் கலைக்கப்பட்டது. சாப்பர்களை மட்டும் தொட முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் வேலை அவ்வளவு அவசியமாக இருந்தது. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கிணறு தோண்டுவது, சுவர் தகர்ப்பது, முள்வேலி அறுப்பது எல்லாம் அவர்கள் கையில். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுகிறவர்கள். சாதி இந்துக்கள், ஆதி திராவிடர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள். எல்லோரும் ஒரே கம்பெனியில். படைக்குள் அவர்களுக்கு 'தம்பி' என்றே பெயர்.

முள்வேலியைத் தகர்க்கும் பெங்களூர் டார்ப்பிடோ பிறந்ததும் இவர்களிடம்தான். 1912-ல் கேப்டன் மெக்ளின்டாக் பெங்களூரில் உருவாக்கிய அந்த வெடிமருந்துக் குழாயைத் துண்டு துண்டாக இணைத்து வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்க வைப்பார்கள். முதல் உலகப் போரிலிருந்து இன்றுவரை உலகின் பல ராணுவங்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

வட ஆப்பிரிக்காவில் மிகப் பெயர் எடுத்த இந்தியப் படைப் பிரிவு 4-வது இந்திய டிவிஷன். அதன் பொறியியல் அணியில் வங்காள சாப்பர்களின் 4-வது ஃபீல்டு கம்பெனியும், மதராஸ் சாப்பர்களின் 12-வது ஃபீல்டு கம்பெனியும் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனியும் இருந்தன. டிவிஷன் என்றால் பல்லாயிரம் பேர். அதில் சாப்பர்கள் சில நூறு பேர்தான். அந்தச் சில நூறு பேர் வழி திறக்காமல் பல்லாயிரம் பேரும் ஓரடி நகர முடியாத நிலை அலமைனில் வந்தது.

ரோமலுக்கு ஆள் குறைவு, டாங்கி குறைவு, எரிபொருள் அதைவிடக் குறைவு. அவருடைய முக்கியத் துறைமுகம் பெங்காசி கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். டிரிப்போலி அதைப்போல் இரு மடங்கு. லாரியில் கொண்டுவரும் பெட்ரோலில் பெரும் பகுதியை அந்த லாரியே குடித்துவிடும். நகர்ந்து சண்டை போட எரிபொருள் இல்லாத தளபதி, எதிரியையும் நகரவிடாமல் செய்ய முடிவெடுத்தார். செப்டம்பரிலும் அக்டோபரிலும் கடலிலிருந்து தெற்கே தன் முகப்பு முழுதும் சுமார் 4,45,000 கண்ணிவெடிகளைப் புதைத்தார். சில இடங்களில் அந்தப் பட்டை எட்டு கிலோமீட்டர் ஆழம். ஜெர்மானியர்கள் அதற்கு வைத்த பெயர் 'சாத்தானின் தோட்டங்கள்'.

அவற்றில் பெரும்பாலானவை டாங்கிகளைக் குறிவைத்த டெல்லர் வகை. வட்டத் தட்டு வடிவம், உள்ளே ஐந்து கிலோவுக்கு மேல் வெடிமருந்து. மனிதன் மிதித்தால் பெரும்பாலும் வெடிக்காது. வண்டி ஏறினால் வெடிக்கும். அக்டோபர் தாக்குதலின் முதல் கட்டத்துக்கு 'லைட்ஃபுட்', அதாவது லேசான பாதம், என்று மாண்ட்கோமரி தரப்பு பெயர் வைத்தது இதனால்தான். காலாட்படை மேலே நடந்து போய்விடலாம் என்பது கணக்கு. ஆனால் இடையிடையே எஸ் வகைக் கண்ணிகளும் இருந்தன. மிதித்தால் ஒரு சிறு வெடி அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கும். அங்கே வெடித்து முன்னூற்றுக்கும் மேற்பட்ட எஃகுக் குண்டுகளை நாலா பக்கமும் வீசும். டெல்லரைத் தேடி முழங்காலில் தவழ்கிறவனுக்காகவே அது வைக்கப்பட்டிருந்தது.

டாங்கி போக 24 அடி அகலப் பாதை வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக டாங்கிகள் ஊர்ந்து போக மட்டுமே போதுமான அகலம் அது. அந்த 24 அடியைப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு, இரவில், எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக்கும் மோர்ட்டாருக்கும் முன்னால், ஒரு கண்ணி தவறாமல் துப்புரவாக்க வேண்டும். ஒரே ஒரு கண்ணியை விட்டுவிட்டால் முதல் டாங்கி அதில் சிக்கும். பின்னால் வரும் வரிசை முழுதும் நின்றுவிடும். விடிந்ததும் அசையாத இலக்காகும்.

வேலை இப்படி நடந்தது. ஸ்காட்லாந்தில் இருந்த போலந்து அதிகாரி யோசெஃப் கோசாட்ஸ்கி 1941-ல் ஒரு மின்காந்தக் கண்டறி கருவியை உருவாக்கியிருந்தார். நீண்ட கோலின் முனையில் வட்டத் தட்டு. தரையில் உலோகம் இருந்தால் காதில் ஒலி மாறும். சுமார் 500 கருவிகள் அலமைனுக்கு வந்தன. போலந்தில் ஜெர்மானியர் பிடியில் இருந்த குடும்பத்துக்கு ஆபத்து வரும் என்று கோசாட்ஸ்கியின் பெயர் ரகசியமாகவே வைக்கப்பட்டது. அவர் காப்புரிமையும் கேட்கவில்லை. கருவி இருந்தால் வேகம் இரட்டிப்பாகும். ஆனால் கருவியைப் பிடித்தவன் நிமிர்ந்து நிற்க வேண்டும், அதனால் குண்டுக்கு இலக்காவான். கருவி பழுதானால், அல்லது மணலெங்கும் குண்டுச் சிதறல்கள் கிடந்து கருவி ஓயாமல் ஒலித்தால், பழைய முறைதான். வயிற்றில் படுத்துக்கொண்டு துப்பாக்கி முனைக் கத்தியைச் சாய்வாக மணலுக்குள் செலுத்திப் பார்ப்பார்கள். செங்குத்தாகக் குத்தினால் கண்ணியின் மேல்தட்டில் அழுத்தம் விழும். சாய்த்துச் செலுத்தினால் பக்கவாட்டில் தட்டும். தட்டிய இடத்தில் மணலை விரலால் விலக்கி, பக்கத்திலும் அடியிலும் வேறு பொறி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பிறகே கண்ணியைத் தூக்க வேண்டும்.

பின்னால் வருகிறவர்கள் வெள்ளை நாடாவை இரு புறமும் விரித்துக்கொண்டே வருவார்கள். நாடாவுக்குப் பின்னால் விளக்குகள். எதிரிக்குத் தெரியாதபடி பின்பக்கம் மட்டும் ஒளி விடும் தகரப் பெட்டிகளில் சூரியன், பிறை, நட்சத்திரம், தொப்பி, புட்டி, படகு என்று வடிவங்கள் வெட்டியிருக்கும். எந்தப் படை எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். மட்டில்டா டாங்கியின் முன்னால் சுழலும் உருளையில் சங்கிலிகள் கட்டி நிலத்தை அடித்துக்கொண்டே போகும் 'ஸ்கார்ப்பியன்' என்ற புது இயந்திரமும் இறங்கியது. அது எழுப்பிய புழுதியில் ஓட்டுநருக்கே கண் தெரியவில்லை. எஞ்சின் சூடேறி நின்றது. இறுதியில் வேலை கைக்குத்தான் வந்தது.

அக்டோபர் 23, முழு நிலவுக்கு முந்தைய இரவு, 9.40 மணி. ஏறக்குறைய 900 பீரங்கிகள் ஒரே நேரத்தில் முழங்கின. மாண்ட்கோமரியிடம் சுமார் 1,95,000 பேர், ஆயிரத்துக்கு மேற்பட்ட டாங்கிகள். எதிரில் ஜெர்மானியரும் இத்தாலியருமாக சுமார் 1,16,000 பேர், 550-க்கு உள்பட்ட டாங்கிகள். வடக்கே முக்கியப் பாதைகளைத் திறந்தவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கப் பொறியாளர்கள். 4-வது இந்திய டிவிஷன் நடுவே ருவைசாத் மேட்டைப் பிடித்துக்கொண்டு, எதிரி அங்கிருந்து படைகளை வடக்கே நகர்த்தாதபடி திடீர்த் தாக்குதல்களால் அவனைக் கட்டிப்போட்டது. அதற்கும் கண்ணிவெடிப் பட்டையைத் தாண்டித்தான் போய் வரவேண்டும்.

திட்டம் முதல் இரவே தடுமாறியது. விடிவதற்குள் பாதைகள் முழுமையாகத் திறக்கவில்லை. புழுதிக்குள் டாங்கிகள் முட்டிக்கொண்டு நின்றன. மாண்ட்கோமரியின் வெற்றி நினைத்தபடி நடந்த வெற்றி என்று அவரே பின்னாளில் எழுதிவைத்தார். களத்தின் பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் அரைத்து அரைத்துத்தான் அந்தக் கோடு உடைந்தது. சிகிச்சைக்காக ஆஸ்திரியாவில் இருந்த ரோமல் அவசரமாகத் திரும்பி வந்தபோது, அவருக்குப் பதிலாக நின்ற ஜெனரல் ஷ்டும்மே மாரடைப்பில் இறந்திருந்தார். அக்டோபர் 26 அன்று ப்ரோசெர்பினா, 28 அன்று லூயிசியானோ என்று பெட்ரோல் ஏற்றி வந்த கப்பல்கள் தோப்ருக் வந்து சேரும் முன்பே மூழ்கடிக்கப்பட்டன. எந்தக் கப்பல் எப்போது எந்த வழியாக வருகிறது என்பதை ஜெர்மானியச் சங்கேதச் செய்திகளைப் படித்து பிரிட்டிஷார் முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தார்கள்.

கடைசி உடைப்பில் இந்தியர்கள் வெளிப்படையாகவே இருந்தார்கள். நவம்பர் 4 அதிகாலை, பீரங்கிக் குண்டுத் திரைக்குப் பின்னால் முன்னேறிய 5-வது இந்திய பிரிகேட், தெல் எல் அக்காகிர் மேட்டுக்குத் தெற்கே ரஹ்மான் தடத்தைத் தாண்டி எதிரியின் வரிசையைத் துளைத்தது. அந்தத் துளை வழியாக டாங்கிகள் வெளியேறின. அன்று மாலை ரோமல் பின்வாங்கத் தொடங்கினார். எட்டாம் ராணுவத்தின் இழப்பு, இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக 13,560. நவம்பர் 15 அன்று பிரிட்டன் முழுதும் தேவாலய மணிகள் ஒலித்தன.

மணி ஒலித்தபோது 4-வது இந்திய டிவிஷன் எங்கே இருந்தது? துரத்திப் போகும் பெருமை மற்றப் படைகளுக்குப் போக, அதற்குக் கிடைத்தது போர்க்களத்தை ஒழுங்கு செய்யும் வேலை. டிவிஷன் தளபதி டூக்கருக்கு அது பெரிய மனக்குறை. 1943 மார்ச்சில் டுனீசியாவின் மாரெத் அரணில் சிக்சாவ் ஓடைக்குக் குறுக்கே, குண்டுமாரிக்கு நடுவே, வங்காள, மதராஸ் சாப்பர்கள் பாதை அமைத்தார்கள். மே 12 அன்று ஆப்பிரிக்காவில் இருந்த ஜெர்மானியப் படைகளின் தலைமைத் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்தது இதே 4-வது இந்திய டிவிஷனிடம்.

இந்தப் போருக்கு இன்னொரு முகமும் உண்டு. பாலைவனத்தில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை ஜெர்மனிக்குக் கொண்டுபோய் ஆன்னபுர்க் முகாமில் வைத்தார்கள். 1941 ஏப்ரலில் பெர்லின் வந்து சேர்ந்திருந்த சுபாஷ் சந்திர போஸ் அவர்களிடையே பேசி இந்திய லீஜியனை உருவாக்கினார். ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள். ரோமல் சூயஸைத் தாண்டி வந்தால், அந்தப் படை இந்தியாவின் வாயிலுக்கு வந்து நிற்கும் என்பது நம்பிக்கை. அலமைன் அதை முடித்துவைத்தது. 1943 பிப்ரவரியில் போஸ் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். உடன் வந்தவர் ஆபித் ஹசன். அதே ஆண்டு சிங்கப்பூர் டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு நகரத்தார்கள் நேதாஜியை அழைத்தபோது, எல்லா மதத்து, எல்லாச் சாதித் தோழர்களோடும் வர அனுமதித்தால்தான் வருவேன் என்றார். அவர்கள் இசைந்தார்கள். எகிப்தின் மணலில் அடைபட்ட ஒரு வழி, இரண்டு கண்டம் சுற்றி, செட்டியார் கோயில் ஒன்றின் கதவைத் திறந்தது.

இந்தப் போரில் எதிரெதிர் அணிகளில் சேர்ந்த இரண்டு இந்தியப் படைகளில் எது சரி என்று இன்று தீர்ப்புச் சொல்வது எளிது. அன்று அவர்களில் பலர் குடும்பத்துக்கு மாதம் அனுப்பும் பணத்துக்காகச் சீருடை அணிந்தவர்கள். 1939-ல் இரண்டு லட்சமாக இருந்த இந்திய ராணுவம் 1945-ல் 25 லட்சமானது. கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது; பசியும் வேலையின்மையும் அந்த வேலையைச் செய்தன. இப்படிச் சொல்வதால் அவர்கள் துணிவு சிறுத்துவிடாது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோவில் அவர் கண்ணி தேடும் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். குழுவில் ஒருவர் கண்ணியை மிதித்துவிட்டார். அது வெடிக்க இருந்த சில நொடியில் சுப்பிரமணியன் அதன் மேல் விழுந்து மூடினார். அவர் இறந்தார், பின்னால் நின்ற தோழர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

எல் அலமைன் போர்க் கல்லறையில் 7,240 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அதன் ஒரு பக்கத்தில் தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனி நினைவிடம் உண்டு. எகிப்திலும் லிபியாவிலும் இறந்து, தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட 600-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. சுற்றியுள்ள பாலைவனத்தில் அன்று புதைத்த கண்ணிகள் இன்றும் உயிரோடு கிடக்கின்றன; ஆடு மேய்க்கும் பெதோயின்கள் பல பத்தாண்டுகளாக அவற்றில் கால் இழந்து வந்திருக்கிறார்கள். மேற்குப் பாலைவனத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் கண்ணிகளும் வெடிக்காத குண்டுகளும் மிஞ்சியிருப்பதாக எகிப்து அரசு கூறி வந்திருக்கிறது.

காப்பாற்றப்பட்ட கால்வாயை 1956-ல் நாசர் நாட்டுடைமையாக்கினார். காப்பாற்றப்படாத பர்மாவில், விடுதலைக்குப் பின் 1948-ல் வந்த நிலச் சட்டம் செட்டியார்களின் வயல்களை எடுத்துக்கொண்டது.

செட்டிநாட்டின் பழைய ஜில்லாவிலிருந்து இந்தப் பாலைவனத்துக்குப் போனவர்கள் யார் என்று தேட இன்றும் வழிகள் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் இந்தியச் சிப்பாய்கள் பலருக்கும் தகப்பன் பெயர், ஊர், ஜில்லா குறிக்கப்பட்டிருக்கிறது. சிவகங்கை 1985-ல் பிரிந்த மாவட்டம் என்பதால் இராமநாதபுரத்தின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டில் தேட வேண்டும். பெங்களூரில் மதராஸ் சாப்பர்களின் அருங்காட்சியகம் இருக்கிறது. காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. அலமைன் நடந்துகொண்டிருந்தபோது தமிழர்கள் என்ன வாசித்தார்கள் என்பதை அங்கே தேடத் தொடங்கலாம். இந்த மூன்றையும் சேர்த்துவைத்து ஒரு மாவட்டத்துக்கான பெயர்ப் பட்டியலைத் தயாரிப்பது ஒரு முனைவர் பட்ட ஆய்வாளர் மூன்றாண்டில் முடிக்கக்கூடிய வேலை. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு தலைப்பு கிடைக்காது.